அம்மாவின் ரப்பர் காலணி

ஜெராய் மலை ஏறப் புறப்பட்டபோது, பால்மரம் சீவும் அம்மா தமது கறுப்பு ரப்பர் காலணியை நீட்டினார். 'அடிடாஸ் கம்போங்' என்று ஊரே கேலியாகச் சொல்லும் காலணி. வெட்கப்பட்டு, சேமிப்பில் வாங்கிய விலையுயர்ந்த காலணியோடு போனேன். 1,217 மீட்டர் மலையில் பாதி வழியிலேயே அடிப்பாகம் பிரிந்தது.

ரப்பர் காலணி ஒரே அச்சில் வார்க்கப்படுவது. பிரிவதற்கு ஒட்டு இல்லை, நீரை உறிஞ்சாது, அடியிலுள்ள குமிழ்கள் சேற்றில் பிடிக்கும். கால் வியர்க்கும், கல் உறுத்தும் என்பதும் உண்மைதான். ஆனாலும் அனுபவமுள்ள மலையேறிகள் பலர் அதையே அணிகிறார்கள்.

புக்கிட் செலம்பாவ் தோட்டங்களில் விடியற்காலை ஈரத்தில் அது தினமும் சோதிக்கப்படுகிறது. நண்பர்களே, வாங்குமுன் விளம்பரத்தைப் பார்த்தது போதும். உழைப்பவர் கால்களையும் பாருங்கள். அடுத்த மலைக்கு அம்மாவிடம் கேட்டு வாங்கிப் போவேன்.