மீண்டும் அதே கிராமத்துக்கு

பொருளாதார ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து பத்திரிகைகளுக்கு வந்து சேரும் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்போருக்கு, இந்தத் துறையின் வேலையெல்லாம் கணினியின் முன் அமர்ந்து, யாரோ எங்கோ திரட்டிய எண்களைப் பெருக்கியும் வகுத்தும் முடிவு காண்பதுதான் என்ற எண்ணம் ஏற்படுவது இயல்பே; அவ்வேலையும் அவசியமானதுதான். ஆனால் சென்னை மாகாணத்தில் இந்தச் சாஸ்திரம் சர்வகலாசாலைப் பாடமாக வேரூன்றிய நாளிலேயே அதற்கு வேறொரு வழியும் காட்டப்பட்டது. அந்த வழியில் நடந்தோர் நூறாண்டுக்கு மேலாகச் சேர்த்து வைத்திருக்கும் செல்வம் தமிழ் வாசகரின் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் குறை.

ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்காக ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்துவிட்டு, 1915ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இந்தத் தேசத்தின் பொருளாதாரத்தை இங்கிலாந்துப் புத்தகங்களைக் கொண்டு போதித்துவிட முடியாது என்று கண்ட அவர், தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்குள்ள நிலம், பயிர், கூலி, கடன், வீடு, உணவு அனைத்தையும் விசாரித்து எழுதி வரும்படி பணித்தார். அவ்வாறு எழுதப்பட்டவை 1918இல் ஆங்கிலத்தில் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளியாயின. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, கீழத்தஞ்சையின் பாலக்குறிச்சி, சிவகாசி வட்டாரத்து வடமலைபுரம், திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான் ஆகியவை அந்நூலில் இடம் பெற்ற தமிழ்நாட்டு ஊர்களில் சில.

ஒரு நூல் வெளிவந்ததோடு விஷயம் முடிந்திருந்தால், நூலகங்களில் தூசி படியும் எத்தனையோ நூல்களுள் ஒன்றாக அது போயிருக்கும். ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து, விளைபொருள்களின் விலை வீழ்ந்து குடியானவர்கள் கடனில் மூழ்கியிருந்த காலத்தில், அதே சர்வகலாசாலையின் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராயச் செய்து 1940இல் வெளியிட்டனர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஆய்வாளர் மார்கரெட் ஹாஸ்வெல் அவ்வூர்களுக்கு வந்தார். எண்பதுகளில் சென்னை அடையாற்றிலுள்ள வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது. யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உலகமெங்கும் சுற்றித் திரும்பிய மால்கம் ஆதிசேஷையா 1971இல் தோற்றுவித்த நிறுவனம் அது. மாநிலத்தின் நிதித்துறைச் செயலாளராக இருந்து வரவு செலவுக் கணக்கின் உள்ளும் புறமும் அறிந்த எஸ். குகன், அங்கே ஆராய்ச்சியாளராக அமர்ந்தபோது, கோட்டையில் தயாராகும் திட்டங்கள் கடைசியில் எந்தக் குடிசையைப் போய்ச் சேருகின்றன, எந்தக் குடிசையின் வாசலோடு திரும்பிவிடுகின்றன என்று அறியும் ஆவலோடு இவ்வூர்களை நாடினார் என்றே நான் கருதுகிறேன். ஏழை முதியோருக்கும் விதவைகளுக்கும் சமூகப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர் பின்னாளில் எழுதியவற்றில் இருக்கும் உறுதிக்கு இந்தக் கிராம அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இருவேல்பட்டின் கதையை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்லேட்டர் காலத்தில் அங்கே ஒரு பெருநிலக்கிழார் குடும்பத்தின் ஆதிக்கத்தில் ஊரே அடங்கியிருந்தது. அந்த நிலங்களில் உழைத்தவர்களில் படியாட்கள் பலர். கல்யாணத்துக்கென்று ஒருவன் ஒரு சிறு தொகையைக் கடனாக வாங்குவான். அதற்கு ஈடாக அவன் உடலுழைப்பே பிடித்துக்கொள்ளப்படும். வயிற்றுக்குத் தானியம் அளக்கப்படுமே ஒழியக் கடனை அடைக்கும் அளவுக்கு மிச்சம் ஒருநாளும் ஏற்படாது. அவன் கண்ணை மூடினால் அந்தக் கடன் மகன் தலையில் ஏறும். வேறொரு எஜமானர் அக்கடனைக் கட்டினால் ஆள் அவரிடம் மாறலாம், அவ்வளவே அவனுக்கிருந்த சுதந்திரம். 1981இல் குகனும் ஆய்வாளர் ஜோன் மென்ச்சரும் அங்கே சென்றபோது தேசம் விடுதலையடைந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. நில உச்சவரம்புச் சட்டங்கள் வந்திருந்தன. ஆயினும் அந்தக் குடும்பத்தின் ஆதிக்கம் பெருமளவுக்கு அப்படியே இருக்கக் கண்டனர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய ஆய்வாளர்கள் சென்றபோதோ படம் மாறியிருந்தது. அந்த ஆதிக்கம் தளர்ந்திருந்தது. சேரியிலிருந்து ஆட்கள் வெளியூர் வேலைகளுக்குப் போய் வந்தனர். ஒரே வாசலில் கைகட்டி நிற்க வேண்டிய கட்டாயம் நீங்கியிருந்தது. ஆனால் ஊரின் விவசாயம் செழித்ததன் பயனாக இந்த விடுதலை வந்துவிடவில்லை. வெளியே கிடைத்த வேலைகளும் நிலையான, நல்ல ஊதியம் தரும் வேலைகளாக அமைந்துவிடவில்லை. அரசியல் விழிப்பு, நியாயவிலைக் கடை அரிசி, ஊரை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலை ஆகியவற்றுக்கும் இந்த மாற்றத்தில் பங்குண்டு என்பதே என் அபிப்பிராயம்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் மழையால் தென்பெண்ணை பெருகி வீடுகள் மூழ்கியபோது, அதே இருவேல்பட்டு மக்கள் நிவாரணம் கேட்டுச் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை மறித்ததும், பார்க்க வந்த அமைச்சர்மீது சேறு வீசப்பட்டதும் நாடெங்கும் செய்தியாயின. எவர்மீதும் சேறு வீசுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு நாள் பரபரப்பாக அதை வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு, அந்தச் சாலையை மறித்து நின்றவர்களில் படியாட்களின் பேரர்களும் இருந்திருக்கக்கூடும் என்பது எப்படித் தெரியும்? ஒரு சமூகம் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று அளக்க, தேர்தல் முடிவுகளும் மாநில வருமானப் புள்ளிவிவரமும் மட்டும் போதா.

ஒரு கிராமம் நாடாகாது, சிலவற்றைப் பார்த்துவிட்டுப் பலவற்றைப் பற்றிப் பேசலாகாது என்று புள்ளியியல் கற்றோர் ஆட்சேபிப்பார்கள். நியாயமான ஆட்சேபமே. ஆனால் நாடளாவிய கணக்கெடுப்பில் கூலி என்ற கட்டத்தில் ஓர் எண் மட்டும் விழுகிறது. திண்ணையில் உட்கார்ந்து விசாரிப்பவரோ, அந்த எண்ணுக்குள் ஆணுக்கு எவ்வளவு பெண்ணுக்கு எவ்வளவு, நடவுக்கு என்ன அறுப்புக்கு என்ன, அரைநாள் வேலையா முழுநாள் வேலையா, டீயும் டிபனும் சேர்த்தா சேர்க்காமலா, வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, சொன்ன கூலி கைக்கு வர எத்தனை நாளாயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறார். கூலி கொடுப்பவர் ஒரு கணக்குச் சொல்ல, வாங்குபவர் வேறொன்று சொல்ல, இரண்டையும் எழுதிக்கொண்டு மூன்றாவது வீட்டில் சரிபார்க்கிறார். அந்த உழைப்பு இல்லாத இடத்தில் சராசரிகள் மட்டுமே மிஞ்சும். மேலும் 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2011ஆம் ஆண்டின் எண்களை வைத்தே திட்டமிட நேர்ந்த இக்காலத்தில் நேரடிக் கிராம ஆய்வின் அவசியம் அதிகமாயிற்றே ஒழியக் குறையவில்லை.

நல்ல வேளையாக, ஸ்லேட்டர் தொடங்கிய கிராம ஆய்வுச் சங்கிலி அறுந்துபோகவில்லை. பெங்களூரிலுள்ள வேளாண் ஆய்வு அறக்கட்டளையினர் 2019இல் பாலக்குறிச்சியையும், 1968இல் நாற்பத்து நான்கு உயிர்கள் தீயில் மாண்ட வெண்மணியையும் வீடு வீடாகக் கணக்கெடுத்து விரிவான நூல் வெளியிட்டிருக்கின்றனர். அதுவும் ஆங்கிலத்தில்தான். 1918 நூல், 1940 நூல், எண்பதுகளின் ஆய்வறிக்கைகள், 2008 ஆய்வைப் பற்றி 2010இல் வெளியான இருவேல்பட்டுக் கட்டுரை எல்லாமே ஆங்கிலத்தில்தான். தங்கள் பாட்டனார் என்ன கூலி வாங்கினார், எந்த நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, எந்தக் கிணறு எவருக்கு மறுக்கப்பட்டது என்று அந்த ஊர் மக்களே வாயால் சொன்னவை, அவர்கள் வாசிக்க இயலாத பாஷையில் அச்சாகி, அவர்கள் நுழைய இயலாத நூலகங்களில் இருக்கின்றன. இதை நான் ஒரு பெரும் அநீதியாகவே கருதுகிறேன்.

ஸ்லேட்டர் காலத்து மாணவர்கள் பெரும்பாலும் நிலமுடைய குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் ஊரைப் பார்த்தது பெரிய வீட்டுத் திண்ணையிலிருந்து. படியாளின் மகன் அன்று பேனா பிடிக்கவில்லை. இன்றோ தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 2021–22 கணக்கின்படி நூற்றுக்கு 47. நடவு வயலுக்குப் போகும் தாயின் மகள் பொருளாதாரப் பட்டப்படிப்பில் இருக்கிறாள். அடுத்த ஆய்வுக்கு வினாப்பட்டியலை அவள் கையில் கொடுக்க வேண்டும். அடையாறு நிறுவனமும், கோட்டூர்புரத்துச் சென்னைப் பொருளாதாரப் பள்ளியும், சென்னைப் பல்கலைக்கழகமும் கூடி, இந்த ஊர்களிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் மாணவர்களைத் தேர்ந்து பயிற்றி, உதவித்தொகை தந்து, ஓராண்டேனும் அங்கே தங்கி வேலை செய்ய ஏற்பாடு செய்யலாம். பெரிய செலவன்று; மாநில அரசு மனம் வைத்தால் ஒரு சிறிய மானியத்தில் முடியக்கூடிய காரியம். 2008இல் இருவேல்பட்டுக்குச் சென்ற மூவரில் ஒருவரான ஜெயரஞ்சன் பின்னர் மாநிலத் திட்டக் குழுவின் துணைத்தலைவராகவே பொறுப்பேற்றார் என்பதால், இதன் அருமை அரசுக்குத் தெரியாததும் அன்று.

பழைய ஆய்வுகளை ஊருக்கு ஒரு தொகுதியாகத் தமிழில் கொண்டுவருவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். அத்தொகுதி அச்சுக்குப் போகுமுன் அந்தந்த ஊர்க் கிராம சபையில் அதை வாசித்துக் காட்ட வேண்டும். 1981இல் கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொன்ன முதியவர்கள் சிலர் இன்னமும் இருப்பார்கள். அவர்கள் எழுந்து நின்று, அது அப்படி நடக்கவில்லை ஐயா என்று திருத்தினால், அந்தத் திருத்தத்தையும் அதைச் சொன்ன தெருவின் பெயரையும் மூலத்தோடு சேர்த்தே அச்சிட வேண்டும்.