இரும்பைக் குறை சொல்லாதீர்கள்

போன வாரம் நொய்யல் கரையோரம் என் மச்சினன் தோட்டத்தில் போர்வெல் பைப்பை மேலே தூக்கினோம். ஜி.ஐ. பைப் சல்லடையாக வந்தது. "இப்ப வர்ற இரும்பே சரியில்லீங்க மச்சான்" என்றான்.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. சாயப்பட்டறையில் முப்பது வருஷம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன். குறை இரும்பில் இல்லை, தண்ணீரில்.

துருப்பிடிப்பது ஒரு மின்சார வேலைங்க. பைப்பின் ஓரிடத்தில் இரும்பு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகிறது. அவை இரும்பு வழியாகவே ஓடி, இன்னோரிடத்தில் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனிடம் சேர்கின்றன. பேட்டரி போல, சுற்று முழுமையாகத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். நல்ல தண்ணீர் கொஞ்சமாய்க் கடத்தும். உப்புத் தண்ணீர் தாராளமாய்க் கடத்தும். போதாததற்கு, உப்பிலுள்ள குளோரைடு உலோகத்தைக் காக்கும் மேல்படலத்தையே உடைத்துக் குழி பறிக்கும்.

இது பட்டறைக்காரர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அடர் நிறம் ஏற்ற லிட்டருக்கு 60, 80 கிராம் உப்புப் போடுவோம். அதனால்தான் மெஷின் எடுக்கும்போது 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், மாலிப்டினம் கலந்த 316 வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். அதே தண்ணீர் ஆற்றுக்குப் போனபோது, கரையோரத்துக் கிணற்றில் கிடப்பது சாதாரணப் பைப் என்று யாரும் நினைக்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. இப்போது சுத்திகரிப்பு வந்துவிட்டது, பிரச்சினை முடிந்தது என்கிறார்கள். எப்படி முடியும்? உப்பு மக்காது, ஆவியாகாது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியானதைப் பார்த்தவர்கள்தானே நாம்? அன்று மண்ணில் இறங்கியதை இன்றைய சுத்திகரிப்பு எடுத்துவிடாது.

பயிர் போனதைப் பற்றிப் பேசினோம், சரி. பைப், மோட்டார், தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் கம்பி என்று வீட்டுக்கு வீடு கரைந்த காசை யார் கணக்கெடுத்தார்கள்? கரையோர ஊர்களில் ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் சோதித்து, குளோரைடு அளவைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போடட்டும். கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.

மச்சினன் இந்த முறை பி.வி.சி. பைப் இறக்கிவிட்டான். பைப் தப்பிக்கும். தென்னை அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது.