கூடிப் பேசும் அறிவு

"வேலையை விட்டுவிட்டு மாநாட்டுக்குப் போவானேன்? கட்டுரைகள்தாம் பின்னர் அச்சில் வருமே!" என்று வினவுவோர் உளர். விடையை வரலாற்றில் தேடுவோம்.

1910ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஆங்காங்கே தனித்து உழைத்துவந்தனர். சென்னை மாநிலக் கல்லூரி வேதியியல் பேராசிரியர் சைமன்சனும், லக்னோ கானிங் கல்லூரிப் பேராசிரியர் மக்மஹோனும் இக்குறையைக் களைய முற்பட்டனர். அதன் பயனாக, 1914 ஜனவரி 15 முதல் 17 வரை கல்கத்தா ஆசியக் கழகத்தில் முதலாவது இந்திய விஞ்ஞான மாநாடு கூடியது. அசுதோஷ் முகர்ஜி தலைமை தாங்கினார். வந்தவர் 105 பேர். படிக்கப்பட்ட கட்டுரைகள் 35. 1929இல் சென்னையில் கூடியபோது தலைவர் சி. வி. ராமன். 1975இல் அசீமா சட்டர்ஜி முதல் பெண் தலைவரானார். 2023இல் நாகபுரியில் 108ஆவது மாநாடு நிகழ்ந்தது. 2024 ஜனவரிக்குக் குறித்திருந்த அடுத்த மாநாடோ அந்நாளில் நடைபெறவில்லை.

இத்தகைய கூட்டம் நின்றால் இழப்பு யாருக்கு? இளைஞருக்கே. அச்சிட்ட கட்டுரை முடிந்த முடிபைச் சொல்லும். தோற்ற சோதனைகளைப் பெரும்பாலும் சொல்லாது. அவற்றை மூத்தோரிடம் தேநீர் வேளையில் நேரில்தான் கேட்டறிய இயலும். மருத்துவர் தம் நோயாளியின் தேவையைப் பொறியியலாளரிடம் எடுத்துரைக்கும் இடமும் அதுவே.

ஆதலின் பெற்றோரே, நம் இல்லத்துப் பிள்ளை ஆராய்ச்சி மாணவராயின், மாநாட்டுக்குச் செல்லும் வழிச்செலவை வீண் என எண்ணாதிருப்போம். கூச்சம் விட்டுக் கேட்கும் ஒரு கேள்வி, ஓராண்டு உழைப்பை வீணாகாமல் காக்கக்கூடும்.