தலை யாருக்குச் சொந்தம்?
ஹெல்மெட் சட்டமும் வண்டி ஓட்டுகிறவரின் உரிமையும்

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பது பழமொழி. இன்று அந்தத் தலைப்பாகையின் இடத்தில் ஹெல்மெட் இருக்கிறது. ஆனால் அதைத் தலையில் போடாமல் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! போலீசாரைக் கண்டால் ஹெல்மெட் தலைக்கு ஏறும். அவர்களைத் தாண்டியதும் கீழே இறங்கிவிடும்.

கேட்டால், "என் தலை, என் இஷ்டம். சர்க்காருக்கு என்ன வந்தது?" என்கிறார்கள். இது சுப்ரீம் கோர்ட்டு வரை போன கேள்வி.

கோர்ட்டு சொன்னது என்ன?

ஆந்திராவில் ஹெல்மெட் கட்டாயம் என்று விதி வந்தபோது ஒருவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். தடையின்றி நடமாட அரசியல் சட்டம் தந்த உரிமையை இந்த விதி பறிக்கிறது என்பது அவருடைய வாதம். 1988-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. ஹெல்மெட் யாருடைய பயணத்தையும் தடுக்கவில்லை. ஓட்டுகிறவரின் பாதுகாப்புக்காகவே விதி ஏற்பட்டது என்று தீர்ப்புக் கூறியது.

எல்லா நாட்டிலும் இப்படி முடியவில்லை. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் உயர்ந்த கோர்ட்டு, 1969-ல் ஹெல்மெட் சட்டம் செல்லாது என்றது. ஒருவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்படி சட்டம் கட்டாயப்படுத்த முடியாது என்பது அங்கே எழுந்த வாதம். இன்றும் அந்த மாநிலத்தில் ஹெல்மெட் சட்டம் இல்லை.

எது நியாயம்? கணக்கைப் பார்ப்போம்.

பின்னால் இருப்பவர்

மத்திய சர்க்காரின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இந்த 50,029 பேரில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல. பின்னால் உட்கார்ந்து போனவர்கள்!

வேகத்தைக் கூட்டுவதும் பிரேக் போடுவதும் அவர்கள் கையில் இல்லை. "என் தலை, என் இஷ்டம்" என்று முன்னால் இருப்பவர் சொல்லலாம். பின்னால் இருக்கும் மனைவியின் தலை யார் இஷ்டம்? நடுவில் நிற்கும் குழந்தையின் தலை யார் இஷ்டம்?

ஓட்டுகிறவர் ஒருவரே விழுந்தாலும் அடி அவரோடு நிற்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவும், கடனும், பிள்ளைகளின் படிப்பும் குடும்பத்தின் தலையில் விழுகின்றன.

ஹெல்மெட் செய்யும் வேலை எளிது. மேலே கெட்டியான ஓடு. உள்ளே தெர்மாகோல் போன்ற மெத்தை. விழும்போது மெத்தை நசுங்கி, மூளைக்குப் போகிற அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. தலைக்காயத்தின் அபாயம் இதனால் சுமார் 69 சதவிகிதம் குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவின்படி, ஓட்டுகிறவர், பின்னால் இருப்பவர் இருவரும் ஹெல்மெட் போட வேண்டும். 4 வயதைத் தாண்டிய குழந்தைக்கும் இது உண்டு. தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு மட்டும் விலக்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். நாடாவைக் கட்டாமல் சும்மா கவிழ்த்துக்கொண்டால், சட்டப்படி அது அணிந்ததாகாது.

தமிழ்நாட்டில் இருவரும் ஹெல்மெட் போடுவதைச் சென்னை ஐகோர்ட்டு 2015 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கியது. 100 ரூபாயாக இருந்த அபராதம் 2022 அக்டோபரில் 1,000 ரூபாய் ஆயிற்று. லைசென்சை 3 மாதம் முடக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

உங்கள் உரிமைகள்

ஹெல்மெட் போடாதவரும் இந்த நாட்டின் பிரஜைதான். அவரை அடிக்கவோ வைது அவமானப்படுத்தவோ எந்தச் சட்டமும் போலீசாருக்கு அதிகாரம் தரவில்லை. லைசென்சைக் கேட்கும் போலீஸ்காரர் சீருடையில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் உள்ள லைசென்சை போனிலேயே காட்டலாம், அது செல்லும். அபராதம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள். குற்றம் செய்யவில்லை என்றால் கோர்ட்டில் வழக்காடலாம்.

விபத்தில் அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு கேட்கும் உரிமை உண்டு. ஆனால் ஹெல்மெட் போடவில்லை என்று காட்டி, தொகையைக் குறைக்கும்படி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வாதாடுவதும் உண்டு. சில வழக்குகளில் தொகை குறைந்தும் இருக்கிறது. அபராதம் 1,000 ரூபாயோடு போகும். இந்த நஷ்டமோ குடும்பத்துக்கு லட்சக் கணக்கில் வரக்கூடும்.

2025 மே மாதம் வந்த மத்திய சர்க்கார் திட்டப்படி, சாலை விபத்தில் அடிபட்டவர், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, கைக்காசு இல்லாமல் சிகிச்சை பெறலாம். இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

உரிமையைக் கேட்டு வாங்குவதற்கும் உயிர் இருக்க வேண்டும் அல்லவா? நாளைக் காலையில் வண்டியை எடுக்கும்போது இரண்டு ஹெல்மெட்டை எடுங்கள். ஒன்று உங்களுக்கு. இன்னொன்று உங்களை நம்பிப் பின்னால் ஏறுகிறவருக்கு.