அதிர்ஷ்டக் கண்!

"மாறுகண் அதிர்ஷ்டமடி, மருத்துவம் எதற்கு?" என்கிறாள் பாட்டி. தாய் தலையாட்டுகிறாள், தந்தை பூரிக்கிறார். குழந்தையின் கண்ணோ நாளுக்கு நாள் மங்குகிறது!

தோழர்களே! அந்தக் கண்ணிலே புண்ணில்லை, புரையில்லை, சிவப்பில்லை. பளிங்கெனப் பளபளக்கிறது, பார்வைதான் இல்லை! ஏன்? காட்சியைக் காண்பது கண் மட்டுமன்று, மூளையுந்தான். இரு கண்களும் ஒன்றாத காட்சிகளை அனுப்பினால், மூளை ஒன்றை ஏற்கிறது; மற்றொன்றைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட கண் பழக்கமற்று மங்குகிறது. அதற்குச் 'சோம்பற்கண்' என்று பெயர் வேறு! சோம்பியது கண்ணா? இல்லை, அதைக் கவனியாத நாம்!

மாறுகண் மட்டுமா காரணம்? ஒரு கண்ணுக்கு மட்டும் மிகுந்திருக்கும் பார்வைக் குறையும், பிறவிக் கண்புரையும் காரணமாகும். மாறுகண்ணாவது வெளியே தெரியும். பார்வைக் குறையோ தெரியாது. மறு கண் நன்றாகத் தெரிவதால் குழந்தையும் முறையிடாது.

மருந்து மந்திரமன்று. தக்க கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடி, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுப்பதே வழி. 1743-லேயே பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் இதை எடுத்துரைத்தார். பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்து, மூளை அதைக் கைவிடுவதை மெய்ப்பித்த ஹியூபெலும் வீசலும் 1981-இல் நோபல் பரிசு பெற்றனர்.

சோதிடம் தந்தது என்ன? காலதாமதம்! 7 வயதுக்குள் தொடங்கும் மருத்துவமே பெரும்பயன் தரும். வயது ஏற ஏறப் பயன் குறையும். பள்ளியிற் சேர்க்குமுன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதியுங்கள். அதிர்ஷ்டம் காத்திருக்கட்டும், கண் காத்திராது!