கடைசி வண்டியில் வருகிறவர்



சீனாய் வனாந்தரத்திலிருந்து இஸ்ரவேலர் புறப்பட்ட ஒழுங்கை எண்ணாகமம் பத்தாம் அதிகாரம் விவரிக்கிறது. யூதாவின் கொடி முன்னே சென்றது. எல்லாப் பாளயங்களுக்கும் பின்னே வரும் பொறுப்பு தாண் கோத்திரத்தாருக்கு அளிக்கப்பட்டது. யூதாவைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். தாணின் இந்தப் பணியைக் குறித்து எத்தனை கேட்டிருக்கிறோம்?

இப்பகுதியை எனக்கு நினைவூட்டியவர்கள், பழைய கார்களில் கூட்டமாக ஜவ்வாது மலை ஏறும் ஆர்வலர்கள். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய எவையும் இன்று தயாரிக்கப்படுவதில்லை. அம்பாசிடரின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் ஏற்றத்தில் இத்தகைய வண்டியின் ரேடியேட்டர் கொதிக்கலாம். வெப்பத்தினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, என்ஜின் நின்றுவிடலாம். பெட்ரோல் பம்ப்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருப்பதே அதற்கு வைத்தியம். இறக்கத்திலோ டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடிமானம் இழக்கும்; தாழ்ந்த கியரில் பொறுமையாகத்தான் இறங்கவேண்டும். அவசரக்காரருக்கு ஏற்ற பொழுதுபோக்கன்று இது.

ஆகவே இவர்களிடம் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. பழுது நீக்குவதில் கைதேர்ந்தவர் கடைசி வண்டியில் வருவார். வழியில் எவர் நின்றாலும் அவரும் நிற்பார். தம் வண்டிக்குப் பொருந்தாத ஃபேன் பெல்ட்டையும் பிறருக்காக டிக்கியில் வைத்திருப்போர் உண்டு. இங்கிலாந்தில், 1905-க்கு முன் உருவான கார்கள் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் மேற்கொள்ளும் பயணமும் பந்தயமன்று. போய்ச் சேருவதே அங்கு மகிழ்ச்சி.

அமலேக்கியர் இஸ்ரவேலரை எங்கே தாக்கினர் என்று உபாகமம் இருபத்தைந்தாம் அதிகாரம் கூறுகிறது: இளைத்துப்போய்ப் பின்தங்கியவர்களை. சத்துரு பின்வரிசையைத் தேடுகிறான் என்றால், பலமுள்ளவர்கள் அங்கேயல்லவா இருக்கவேண்டும்? நம் சபைகளிலோ பேச்சு வன்மையுள்ளோர், பாடுவோர், நிர்வாகிகள் யாவரும் முன்னே திரண்டிருக்கிறோம். கடன் சுமையால் ஆலயத்துக்கு வரக் கூசும் குடும்பத்தையும், வேலை இழந்த வாலிபனையும் நாம் தேடிச் செல்வதற்குள் பல மாதங்கள் கடந்துவிடுகின்றன. சில இடங்களில் காணிக்கைப் பதிவேட்டில் வெற்றிடம் விழுந்த பின்னரே ஒருவர் காணாமற்போனது தெரியவருகிறது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

வழியில் வண்டி நின்றுபோனவர் வெட்கப்படாமல் பானெட்டைத் திறக்கிறார். நாமோ ஆலய வாசலில் நலம் விசாரிக்கப்பட்டதும், கர்த்தருடைய கிருபையால் நலம் என்று சொல்லி, உள்ளே கொதிப்பதை மூடிவிடுகிறோம். அந்த விடையை அப்படியே ஏற்றுக்கொள்வது, கேட்பவருக்கும் வசதியாயிருக்கிறது.

இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். பழைய கார் ஒன்றைப் பராமரிப்பது மலிவான காரியமன்று. சாமையும் தேனும் தரும் அம்மலையின் மக்கள், சாலையோரம் நின்று வேடிக்கை பார்ப்பவர்களேயன்றி அத்தோழமையில் பங்குள்ளவர்கள் அல்லர். ஒரே விருப்பமுள்ளோரின் நட்பைத் திருச்சபையின் ஐக்கியத்தோடு சமப்படுத்த நான் முன்வரவில்லை. வரி வசூலித்த மத்தேயுவையும், செலோத்தே எனப்பட்ட சீமோனையும் ஒரே பந்தியில் அமர்த்தியவர் நம் ஆண்டவர். ஆனால் இரும்பின்மேல் கொண்ட பிரியம் ஒருவருக்காக மற்றொருவரை அரைமணி நேரம் காக்க வைக்கும்போது, ஒரே அப்பத்தில் பங்குபெற்ற நாம் ஆசீர்வாதம் கூறப்பட்டவுடன் வாசலுக்கு விரைவது எப்படி நியாயமாகும்?

ஒவ்வொரு சபையும் இருவரைப் பின்வரிசைக்கென்று நியமிக்கலாம். பாடகர் குழுவிலும் மேடையிலும் அவர்களுக்கு வேலை இருக்கலாகாது. இரண்டு ஞாயிறு காணப்படாதவரின் வீட்டுக்கு, மூன்றாம் ஞாயிறுக்கு முன்னரே அவர்கள் செல்லவேண்டும். காணிக்கை உறையைக் கொண்டுபோகவேண்டாம்.