அச்சத்தின் நடையும் ஏக்கத்தின் உடையும்

தாம்பரம் நிலையத்தில் மின்தொடர் வண்டிக்குக் காத்திருந்தபடி மாத நாவல் படித்து வளர்ந்தவர்கள் நாம். "அந்தக் காலத்துத் திகில் கதை போல் இன்று யார் எழுதுகிறார்கள்?" என்ற பெருமூச்சு நம் நண்பர் வட்டத்தில் ஓயாது ஒலிக்கிறது. அதை நம்பி நம் மாணவர் சிலர் எழுதும் தொடர்கொலைக் கதைகளையும் படிக்கிறோம். சுழற்றும் தொலைபேசி, ஒலிநாடா, இளையராஜா பாடல் என எல்லாம் இருக்கின்றன. மூன்று பக்கத்துக்கு ஒரு பிணமும் விழுகிறது. அச்சம் மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை? தொல்காப்பியரைக் கேட்போம். மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் நிலைக்களன்களாக அவர் சொல்பவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கே. உறுப்பறையையும் கொலையையும் அவர் வெகுளியின்கீழ் வைத்தார். நாம் இதிலிருந்து கொள்ளும் பொருள் இது: வெட்டு விழுந்தால் சினம் பிறக்கும்; வெட்டுபவன் கதவுக்குப் பின்னால் நிற்கக்கூடும் என்ற எண்ணத்திலேயே அச்சம் பிறக்கும். எனவே திகில் கதையின் உயிர் காத்திருக்க வைக்கும் நடையில் இருக்கிறது.

பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' 1978இல் வந்தது. கொலைகாரன் யாரென்று நாம் முன்னதாகவே அறிவோம். அவனை மணந்து அம்மாளிகைக்குள் வருபவள் அறியாள். அவள் ஒவ்வொரு கதவாகத் திறப்பதை நாம் பதறிப் பார்க்கிறோம். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜான் கார்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' தொடக்கத்தில் ஒரு கொலையைக் காட்டிவிட்டு, முகமூடிக்காரனை நெடுநேரம் வெறுமனே நிற்க வைத்தது.

அவற்றை அப்படியே வழிபட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 'சிகப்பு ரோஜாக்கள்', பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) இரண்டிலும் கொலையுண்டு மடிபவர் பெரும்பாலும் பெண்கள். கொலைகாரனுக்கோ இரக்கம் கோரும் ஓர் இளமைக் காலம். பழைய நினைவில் மயங்குபவர் கண்ணுக்கு இது தெரிவதில்லை. விட வேண்டிய இந்தப் பார்வையை இன்றைய கதைகள் அப்படியே பற்றிக்கொண்டு, பற்ற வேண்டிய நடையை விட்டுவிடுகின்றன. இதுவே நம் வழக்கு.

"இன்றைய வாசகருக்குப் பொறுமை ஏது, கையில் செல்பேசி இருக்கிறதே" என்பர் சிலர். 2018இல் வந்த 'ராட்சசன்' நிகழ்காலக் கதை. செல்பேசி புழங்கும் உலகம். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். பரிசுப் பெட்டிக்குள் சிதைந்த பொம்மை முகம் ஒன்று கிடந்தாலே போதும், அரங்கம் மூச்சடங்கியது. பொறுமை வாசகரிடம் இருக்கிறது. இல்லாதது எழுதுபவரிடம்.

எழுதும் இளைஞரிடம் ஒன்றே கேட்கிறோம். அடுத்த கதையில் பழைய தொலைபேசியை எடுத்துவிடுங்கள். முதல் கொலையை ஐம்பதாம் பக்கத்துக்குத் தள்ளிவையுங்கள். அதுவரை எங்களை அஞ்ச வைக்க முடிகிறதா என்று பாருங்கள்.